எங்கள் தெருக் குழாயும் தங்கள் வயிறும்

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் இருவரும் நலம். கடிதம் என்றால் எல்லோரும் இப்படித்தான் தொடங்குவார்கள் என்று தாங்கள் அடுத்த வரிக்குத் தாவிவிட வேண்டாம். இத்தனை நாள் நான் எழுதிய நலமெல்லாம் வழக்கத்துக்காக எழுதிய நலம். இது பரிசோதனைக்கூடத்தில் முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நலம். தாங்களும் சம்பந்தி அம்மாவும் மாப்பிள்ளையும் என் மகளும், குறிப்பாக என் பேத்தியும் அங்கே அதே மாதிரி நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன முறை தாங்கள் எங்கள் வீட்டுக்கு வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். நாங்களும் மறக்கவில்லை, எங்கள் அக்கம்பக்கமும் மறக்கவில்லை. வந்த அன்றைக்கே தங்கள் வயிறு கலங்கி, கட்டிலுக்கும் கழிவறைக்கும் இடையே தாங்கள் நடந்த நடையில் எங்கள் தரைவிரிப்பில் ஒரு பாதையே விழுந்துவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. புறப்படும்போது வாசலில் நின்று, "அடுத்த தடவை சாப்பாட்டை நாங்களே கட்டி எடுத்துட்டு வந்துடறோம்" என்று சொல்லிச் சிரித்தீர்கள். சம்பந்தி அம்மாவும் லேசாகச் சிரித்தார். நானும் மரியாதைக்குச் சிரித்து வைத்தேன். என் மனைவி சிரிக்கவில்லை. தங்கள் ஆட்டோ முனை திரும்பியதும் உள்ளே போய் அடுப்பை அணைத்தவள்தான். மறுநாள் காலையில் என் தட்டில் ரொட்டியும் வாழைப்பழமும் இருந்தன. மதியமும் அதேதான். "என்னம்மா இது?" என்று கேட்டேன். "நான் சமைச்சா சம்பந்தியே படுத்துடறாரு. உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நாளைக்கு ஊரு என்னைத்தானே கேக்கும்? சாப்பிடுங்க, பழம் உடம்புக்கு நல்லது" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தாளிக்கும் ஓசை கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் கடுகு வெடித்தால் நான் சுவரோரம் போய் நின்றுகொள்வேன்.

இந்த நிலையில்தான் தாங்கள் தொலைபேசியில், விடுமுறைக்குப் பேத்தியை இங்கே அனுப்ப வேண்டாம் என்று முடிவு செய்திருப்பதாகச் சொன்னீர்கள். "குழந்தை வயிறு, தாங்காது பாருங்க" என்றீர்கள். பெண்ணைக் கொடுத்தவன் எவ்வளவு பேசிவிட முடியும்? ஆனால் அவளுக்காக வாங்கி வைத்திருந்த மூன்று சக்கர சைக்கிளைத் துணி போட்டு மூடும்போது என் மனைவி மூக்கை உறிஞ்சியது எனக்குக் கேட்டது. ஜலதோஷம் என்று சொன்னாள்.

எங்கள் தெரு தாங்கள் பார்த்ததுதான். சரிவான தெரு. மேல்முனையில் ஆழ்துளைக் கிணறும் தொட்டியும். அங்கிருந்து ஒரே குழாய் இறங்கி எல்லா வீட்டுக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டே கீழ்முனையில் தையல்காரப் பெண்ணின் வீட்டோடு முடிகிறது. நகராட்சித் தண்ணீர் எங்கள் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. எல்லாம் தெருச் சங்கத்தின் சொந்த ஏற்பாடு. அந்தச் சங்கத்துக்கு ஆயுள் தலைவர் ஒருவர் இருக்கிறார். தண்ணீரைப் பற்றி யார் வாயைத் திறந்தாலும் "இது தண்ணி இல்ல சார், ஊத்து! ஊத்து!" என்பார். அதனால் தெருவில் அவர் பெயரே ஊற்று. கிணறு தோண்டவும் தொட்டி கட்டவும் ஒற்றை ஆளாக அலைந்தவர் என்பதால் தண்ணீரைக் குறை சொன்னால் அவர் பிள்ளையைக் குறை சொன்ன மாதிரி முகம் வாடிவிடும். அதற்குப் பயந்தே யாரும் எதுவும் சொல்வதில்லை.

பேத்தி வரமாட்டாள் என்று ஆன அந்த வாரமே தையல்காரப் பெண்ணின் குழந்தைக்கு வாந்தியும் பேதியும் பிடித்துக்கொண்டது. நடக்கத் தொடங்கியிருக்கும் பெண் குழந்தை. என்னைப் பார்த்தால் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்குவது அவளுடைய தொழில். அன்றைக்கு நான் குனிந்து முகத்தைக் கிட்டே கொண்டு போயும் கை தூக்கவில்லை. கண்கள் உள்ளே போய்விட்டிருந்தன. நானும் என் மனைவியும் அவர்களை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஊசியைக் குத்தி, சலைன் ஏற்றிவிட்டு, நர்ஸ் எங்களைத் திரும்பிப் பார்த்தார். "எந்தத் தெரு?" என்றார். சொன்னோம். "அங்க இருந்தா? உங்க தெருவுல இருந்து குழந்தைங்க வந்துக்கிட்டே இருக்கே. என்ன தண்ணி குடிக்கறீங்க?" என்றார்.

சம்பந்தி அவர்களே, அந்தக் கேள்வியில் எனக்கு நெஞ்சு பதறியது உண்மை. அதே நொடியில் வேறொரு மூலையில் ஒரு விளக்கு எரிந்ததும் உண்மை. தண்ணீர்! அப்படியானால் என் மனைவியின் சமையல் குற்றவாளி இல்லை! சலைன் சொட்டுவதைப் பார்த்து அழுதுகொண்டிருந்த தாய்க்கு முன்னால் இப்படி யோசித்ததற்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் யோசித்துவிட்டேன். குழந்தை தேறி என் கண்ணாடியைப் பிடுங்கிய அன்றைக்குத்தான் வெட்கம் கொஞ்சம் குறைந்தது.

உடனே சங்கக் கூட்டம் கூட்டச் சொன்னேன். சங்கக் கட்டடத்தில் வலை இல்லாத டேபிள் டென்னிஸ் மேசை ஒன்று கிடக்கும், அந்த அறையில்தான் கூட்டம். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளனாகத் தொண்டையைத் தேய்த்துச் சம்பாதித்தவன் நான். எழுந்து நின்று தெளிவான உச்சரிப்பில், நம் தண்ணீரில் கோளாறு இருக்கலாம் என்று சொன்னேன். ஊற்று எழுந்தார். நேராகத் தன் வீட்டுக்குப் போய் ஒரு பெரிய ஜக்கு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து, எல்லோர் முன்னாலும் அண்ணாந்து, மூச்சு விடாமல் குடித்து, ஜக்கைக் கவிழ்த்துக் காட்டினார். "நாளைக்குக் காலையில நான் நடந்து போறேனா இல்லையான்னு இவரு வாசல்ல நின்னு பாக்கட்டும்!" என்றார். கைதட்டல் அறையை அதிரவைத்தது. மறுநாள் காலை நான் வாசலில் நின்றேன். மனிதர் நடக்கவில்லை சம்பந்தி, துள்ளிக்கொண்டு போனார். என் வாசல் வந்ததும் நின்று, நிதானமாக ஒரு ஏப்பம் விட்டுவிட்டு நடையைத் தொடர்ந்தார். பேத்திக்கு வாங்கிய மூன்று சக்கர சைக்கிளைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்றுகூட யோசித்துவிட்டேன்.

உள்ளே வந்து ரொட்டியின் முன் உட்கார்ந்தேன். என் மனைவி பழத்தை உரித்து வைத்துக்கொண்டே, "அவரு குடிச்சது யாரு வீட்டுத் தண்ணி?" என்றாள். "அவர் வீட்டுத் தண்ணி." "அவரு வீடு எங்க இருக்கு?" "தொட்டிக்குப் பக்கத்துல." "தையல்காரம்மா வீடு?" "கடைசியில." "நம்ம வீடு?" அதுவும் கீழ்ப்பக்கம்தான்! நான் பழத்தைக் கீழே வைத்துவிட்டேன். "அந்த ஜக்குல நம்ம குழாய்த் தண்ணியப் பிடிச்சு அவரைக் குடிக்கச் சொல்லியிருந்தா நீங்க ஜெயிச்சிருப்பீங்க. வேணாம், வயசானவரு. பரிசோதனைக்குக் குடுங்க" என்றாள்.

பரிசோதனைக்கூடம் சந்தைக்குப் பின்னால் மாடியில் இருக்கிறது. அங்கே ஒரு பெண் அதிகாரி. மூக்குக்கண்ணாடிக்கு மேலாகத்தான் நம்மைப் பார்ப்பார். முதல் தடவை நான் வீட்டில் கிடந்த ஒரு காலி பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனேன். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தவர், "ஐயா, இதுல தண்ணியைவிட இருமல் மருந்துதான் அதிகம் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, கிருமி நீக்கிய பாட்டில் ஒன்றை உறை போட்டுத் தந்தார். இரண்டாவது தடவை அந்த பாட்டிலில் பிடித்துக் கொண்டுபோய், "ஒரு தூசி இருக்காது மேடம். பிடிக்கறதுக்கு முன்னாடி உள்பக்கம் என் கைக்குட்டையால நல்லாத் துடைச்சுட்டேன்" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்க கைக்குட்டையைப் பரிசோதிக்கணும்னா அதுக்குத் தனி விண்ணப்பம் இருக்கு" என்றார். மூன்றாவது தடவை என் மனைவி கூடவே நின்று, கிருமி சாக குழாய் வாயை நெருப்பில் சுட்டு, தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, என்னைத் தும்மக்கூட விடாமல் பிடித்துக் கொடுத்தாள். எங்கள் வீட்டுத் தண்ணீர் ஒரு பாட்டில், தொட்டியடிக் குழாயிலிருந்து ஒரு பாட்டில். இரண்டையும் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து மடியில் ஏந்திக்கொண்டு பஸ்ஸில் போனேன். பக்கத்தில் இருந்தவர் ஐஸ் என்ன விலை என்று கேட்டார்.

முடிவு வந்தது. தொட்டியடித் தண்ணீரில் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டுத் தண்ணீரில் மலக்கிருமி. "குடிக்கிற தண்ணியில இது ஒண்ணுகூட இருக்கக் கூடாதுங்க. உங்களுதுல எண்ண முடியல. மேல சுத்தமா இருந்து கீழ கெடுதுன்னா நடுவுல எங்கயோ சாக்கடை உள்ள போகுது. கண்டுபிடிக்கிற வரைக்கும் எல்லாரையும் கொதிக்க வெச்சுக் குடிக்கச் சொல்லுங்க. இன்னிக்கே சொல்லுங்க" என்றார். 'மலம்' என்ற சொல் காதில் விழுந்ததும், இத்தனை வருடம் வெயிலில் வந்து அண்ணாந்து குடித்து "அப்பாடா" என்று சொன்னதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது.

பஸ்ஸிலிருந்து இறங்கியவன் வீட்டுக்குள் போகவில்லை. தெருவின் மேல்முனையில் நின்று குரலைச் சரிசெய்துகொண்டு தொடங்கினேன். "தெருவாசிகளின் அன்பான கவனத்திற்கு. நமது குழாய்த் தண்ணீரில் கிருமி கலந்திருப்பதால், மறு அறிவிப்பு வரும் வரை அனைவரும் தண்ணீரை நன்கு கொதிக்க வைத்துப் பருகும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறோம்." சொல்லிக்கொண்டே கீழ்முனை வரைக்கும் நடந்தேன். முடிதிருத்தும் கடைக்காரர் கத்தரியோடு வெளியே வந்து, "எந்தப் பிளாட்பாரம் சார்?" என்று கேட்டார். கடைக்குள் பாதி முடியோடு இருந்தவரும் சிரித்தார். ஆனால் அன்றைக்கே எல்லா வீட்டு அடுப்பிலும் பானை ஏறியது. ஊற்று மட்டும் வாசலில் நின்று, "என் தண்ணிக்கு மலக்கிருமியா? என் தண்ணிக்கா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அதில் கோபத்தைவிட வேறு ஏதோ அதிகம் இருந்தது. எனக்கு அந்தக் கதவைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

பிறகு வீடு வீடாகத் தண்ணீர் பிடித்தோம். போட்டோ ஸ்டுடியோ வரைக்கும் சுத்தம். அதற்குக் கீழே முடிதிருத்தும் கடையிலிருந்து மோசம். இரண்டுக்கும் நடுவில் தெருவைக் குறுக்காக வெட்டிக்கொண்டு சாக்கடை போகிறது. அங்கேதான் என்று ஆகிவிட்டது. குழாய்க்காரரும் இரண்டு ஆட்களும் தோண்டினார்கள். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் இன்னும் இடது பக்கம், இல்லை வலது பக்கம் என்று ஆளாளுக்குத் தோண்டச் சொல்ல, கடைசியில் குழாய்க்காரர், "எல்லாரும் ஆளுக்கு ஒரு கடப்பாரை எடுங்க, நான் வீட்டுக்குப் போறேன்" என்றதும்தான் அமைதி ஆனது. கல்பலகையைப் புரட்டியதும் வந்த நாற்றத்தில் கூட்டம் பின்வாங்கியது. எங்கள் குடிதண்ணீர்க் குழாய் சாக்கடைக்கு மேலே போகவில்லை, கீழேயும் போகவில்லை. சாக்கடைக்குள்ளேயே படுத்திருந்தது. இணைப்பில் ஒரு சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றியிருந்தார்கள். அது உளுத்து நார் நாராகத் தொங்கியது. தண்ணீர் ஓடும்போது குழாய் வெளியே கசிந்திருக்கிறது. மோட்டாரை நிறுத்தியதும், வெளியே இருப்பதை உள்ளே உறிஞ்சியிருக்கிறது.

"எவன்டா இதைச் சுத்தினது?" என்று முடிதிருத்தும் கடைக்காரர் கத்தினார்.

"நான்தான்" என்றது ஒரு குரல். ஊற்று வந்து நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. "கிணறு தோண்டுன வருஷம். முதல் நாள் தண்ணி வருதுன்னு எல்லாரும் குடத்தோட நின்னீங்க. இங்க ஒழுகுச்சு. என் சைக்கிள் டியூபக் கழட்டிச் சுத்தினேன். நாளைக்கு நல்ல இணைப்பாப் போட்டுக்கலாம்னு நெனச்சேன். அப்போ இங்க சாக்கடையும் இல்ல. அப்புறம் நான் மறந்தே போயிட்டேன்" என்றார். அவர் சட்டைப் பொத்தான் ஒன்றைத் திருகிக்கொண்டே இருந்தார். யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. எனக்கு ஜெயித்த மாதிரியே இல்லை சம்பந்தி.

கேட்க உரிமை உள்ளவள் தையல்காரப் பெண் ஒருத்திதான். அவள் குழந்தையை இடுப்பில் வைத்தபடி முன்னால் வந்தாள். ஊற்று தலையைக் குனிந்துகொண்டார். அவள், "பெரியப்பா, குடத்தத் தூக்கிட்டு நாங்க மெயின் ரோட்டுக்குப் போயிட்டிருந்தப்போ இந்தத் தெருவுக்குத் தண்ணி கொண்டாந்தவரு நீங்க. அதையும் நான் மறக்கல. இப்பச் சரியாப் போட்டுக் குடுங்க. அதுக்கு முன்னாடி வெயில்ல நிக்காதீங்க, வீட்டுக்கு வாங்க. காய்ச்சின தண்ணி இருக்கு" என்றாள். போனார். குடித்தார். திரும்பி வரும்போது வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். கடப்பாரையை ஆளிடமிருந்து வாங்கிக்கொண்டார். அதன் பிறகு அந்த வேலை முடிகிற வரைக்கும் அவரைப் பள்ளத்திலிருந்து யாராலும் கிளப்ப முடியவில்லை.

புதுக் குழாய் இப்போது சாக்கடைக்கு எட்டாத உயரத்தில், இன்னொரு பெரிய குழாய்க்குள் பத்திரமாகப் போகிறது. தொட்டியைக் கழுவி, குளோரின் கலந்து, எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டோம். தெருவே நீச்சல்குளம் மாதிரி மணத்தது. அன்றைக்கு அந்தத் தண்ணீரை எதற்கும் தொடக்கூடாது என்று நான் தொண்டை கிழிய அறிவித்தும், சலவைக்காரர் அவசரத்தில் ஊறவைத்து, நீலச் சட்டை கொடுத்தவருக்கு வெள்ளைச் சட்டை கொடுத்தார். வாங்கியவர் இந்த வெளுப்பு எங்கேயும் வராது என்று பாராட்டிவிட்டுப் போனதாகக் கேள்வி.

எல்லாவற்றையும் அலசி விட்டபின் மறுபடி பரிசோதனை. இந்தத் தடவை பெண் அதிகாரியே தொலைபேசியில் கூப்பிட்டார். "ஐயா, உங்க தெருத் தண்ணியில ஒண்ணுமே இல்ல. மேலயும் இல்ல, நடுவுலயும் இல்ல, கடைசி வீட்லயும் இல்ல. கைக்குட்டையத் தூரமா வெச்சதுக்கு நன்றி" என்றார். நான் தொலைபேசியை வைத்துவிட்டு மேல்முனைக்கு ஓடினேன். சம்பந்தி, என் வேலைக்காலம் முழுக்க நான் மைக்கில் அதிகமாகச் சொன்ன சொல் 'வருந்துகிறோம்' என்பதுதான். வண்டி தாமதம், வருந்துகிறோம். வண்டி ரத்து, வருந்துகிறோம். அன்றைக்குத்தான் முதல் தடவையாக, "தெருவாசிகளின் அன்பான கவனத்திற்கு. நமது தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்பதை மிக மிக மகிழ்ச்சியுடன் அறிவிக்கிறோம்!" என்றேன். குரல் 'மகிழ்ச்சி'யில் உடைந்துவிட்டது. தொழில்முறையில் அது தவறு. யாரும் கண்டுகொள்ளவில்லை. எல்லோரும் கீழ்முனைக்கு ஓடினார்கள். தையல்காரப் பெண்ணின் வீட்டுக் குழாயைத் திறந்து, கையில் பிடித்தும் டம்ளரில் பிடித்தும் ஆளாளுக்குக் குடித்தார்கள். குழந்தைக்கு ஒரு வாய் கொடுத்தார்கள். அவள் அதை நன்றாகக் கொப்பளித்து ஊற்றின் சட்டைமேல் துப்பினாள். அவர் அதைத் துடைக்காமல் அப்படியே தெரு முழுக்க நடந்து போனார். அங்கேயே, அப்போதே, என்னைச் சங்கத்தின் தண்ணீர்ப் பொறுப்பாளர் என்று தேர்ந்தெடுத்துவிட்டார்கள். முன்மொழிந்தவர் ஊற்று. தொட்டிச் சாவி இப்போது என் இடுப்பில் தொங்குகிறது. குளோரின் என் கையால்தான் விழுகிறது.

வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே தெரிந்துவிட்டது. தாளித்துக்கொண்டிருந்தாள்! மீனும் வறுத்து, கோழியும் வைத்து, எனக்குப் பரிமாறிவிட்டு டம்ளரில் தண்ணீரையும் ஊற்றி வைத்தாள். குழாய்த் தண்ணீர்தான். இரண்டு பேரும் சட்டி காலியாகும் வரை சாப்பிட்டோம்.

ஆகவே சம்பந்தி அவர்களே, தங்கள் வயிற்றைக் கலக்கியது என் மனைவியின் கைப்பக்குவம் அல்ல, எங்கள் தெருக் குழாயே என்பது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணம் ஆகிவிட்டது. வாசலில் நின்று தாங்கள் சொன்ன அந்த வாசகத்தை உரிய முறையில் திரும்பப் பெற்றுக்கொள்வீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். பேத்தியை அனுப்ப இனித் தங்களுக்கு எந்தத் தடையும் இருக்க நியாயமில்லை. சைக்கிளின் துணியை எடுத்துத் துடைத்து வைத்தாகிவிட்டது. சம்பந்தி அம்மாவுக்கு எங்கள் வணக்கங்கள். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசிகள். பேத்திக்கு நூறு வயதும், நூறு வயதிலும் கல்லைக் கரைக்கும் வயிறும் வாய்க்கட்டும்.

என்றும் தங்கள் அன்புள்ள,
சம்பந்தி
(தண்ணீர்ப் பொறுப்பாளர்)

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் இந்தக் கடிதத்தை என் மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். மகிழ்ந்து போவாள் என்று நினைத்தேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தாமல், "எல்லாம் சரி. ஆனா அவரு வயிறு நம்ம தண்ணியால கலங்கல" என்றாள். தாங்கள் ஊர் போய்ச் சேர்ந்த வாரமே சம்பந்தி அம்மா அவளைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். தங்கள் சட்டையை ஊறவைக்கும்போது பையில் எண்ணெய்க் காகிதங்கள் இருந்தனவாம். எங்கள் ஊர் பஸ் நிலையத்தில் அவர் முகம் கழுவப் போன நேரத்தில், தள்ளுவண்டியில் பொரித்த இறால் இரண்டு பொட்டலம் வாங்கித் தின்றிருக்கிறீர்கள், டாக்டர் எண்ணெயையே தொடக்கூடாது என்று சொல்லியிருக்கும் தாங்கள்! எங்கள் வாசலை மிதிக்கும் முன்பே கதை முடிந்திருக்கிறது.

"அப்போ எனக்கு ஏன் இத்தனை நாளா ரொட்டியும் பழமும்?" என்று கத்திவிட்டேன். "தண்ணி நாறுது, தண்ணி நாறுதுன்னு நான் வருஷக்கணக்கா சொன்னேன். யாரு எழுந்திருச்சீங்க? சம்பந்தி வயிறு கலங்குச்சுன்னதும் தெருவையே தோண்டிட்டீங்க. நடுவுல உண்மையச் சொன்னா மறுபடி நாற்காலியில உக்காந்துடுவீங்கன்னுதான் சொல்லல" என்றாள். சொல்லிவிட்டு என் தட்டில் இன்னொரு மீன் வைத்தாள்.

முழுக் கடிதத்தையும் திரும்ப எழுத எனக்குக் கை ஓடவில்லை. ஆதலால் தாங்களே தயவுசெய்து தங்கள் வயிறு வரும் வரிகளையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். மிச்சம் இருப்பது தண்ணீர் மட்டும்தான். அது சுத்தம். பேத்தியை அனுப்பவும். அவளைத் தாங்களே அழைத்து வருவதாக இருந்தால், பஸ் நிலையத்துக்கு என் மனைவி வந்து நிற்பாள்.